அறுநூற்றுப் பதினோரு பேருக்கு ஒரே நாளில் இழவு

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜைலோசி நமலோம்பாவைத் தேடி நூலகத்துக்கு யாராவது வந்தால், வாசல் மேசைக்காரர் தலைகூட நிமிர மாட்டார்.

“இழவுக்குப் போயிருக்கார்.”

புதிதாக வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளர்கள் பதறிவிடுவார்கள். “ஐயோ, போனது யாரு?”

“இன்னும் தெரியல. ஏழெட்டு பேர் இருக்கும்.”

டெட்ஸா மலையடிவாரத்தில் இருந்த அந்த வேளாண் கல்லூரியில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் ஜைலோசி ஒருவர்தான். அவருக்கு இது தொழில். நூலக மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் மண்டை இடிக்கும் அறையொன்றில், ஒன்பது வருடமாக அவர் ஒரு குதிரைக் காத்துவந்தார். ஓடும் குதிரை அல்ல. தானியம் கொட்டிவைக்கும் குதிர். ன்கோக்வே என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. அதில் சோளத்துக்குப் பதிலாக இணையப் பக்கங்கள் இருந்தன. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பக்கங்கள். கோழி நோய், சோளப்பூச்சி, மழைக் கணிப்பு, கடலை விதை, மண் பரிசோதனை என்று ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, பொறுக்கி, இரண்டு வரியில் விவரம் எழுதி, எந்தெந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்கள் என்று யோசித்து அந்தச் சொற்களையும் கூடவே கட்டிவைத்திருந்தார். அடியில் ஒரு தேதி இருக்கும். இந்தப் பக்கத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்த நாள் அது. பார்த்தவர் பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும்.

இணையப் பக்கங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவை சொல்லிக்கொண்டு சாவதில்லை. நேற்றுவரை வெங்காய அழுகலைப் பற்றி அழகாகப் பேசிக்கொண்டிருந்த பக்கம் இன்று இருக்காது. சில இன்னும் மோசம். செத்த இடத்தில் வேறு யாராவது குடியேறிவிடுவார்கள். கால்நடைத் துறைத் தலைவர் ஒருமுறை வகுப்பில் பன்றிக் காய்ச்சல் பக்கத்தைத் திறக்க, அங்கே ஒரு பெண் கண்ணடித்து, சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டச் சொன்னாள். அந்த ஒரு வகுப்பில்தான் மாணவர்கள் ஒருவர் விடாமல் குறிப்பெடுத்தார்கள் என்று துறைத் தலைவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை இழவு. நண்பகலில் ஒரு கணினி நிரல் கிளம்பி, குதிரில் உள்ள ஒவ்வொரு முகவரியாகத் தட்டி நாடி பார்க்கும். மூன்று மணிக்குள் நாடி இல்லாதவர்களின் பட்டியல் காகிதத்தில் வந்துவிடும். அதன் பிறகு ஜைலோசியின் சட்டம் ஒன்று உண்டு: உறவினரைக் கேட்காமல் யாரையும் புதைக்கக் கூடாது. செத்த பக்கம் வேறு முகவரிக்குக் குடிபோயிருக்கிறதா, அதை எழுதிய துறை இன்னும் இருக்கிறதா, வாரிசு யார் என்று ஒவ்வொன்றுக்கும் விசாரித்து, கறுப்பு அட்டை நோட்டில் எழுதி, அதன் பிறகுதான் ‘புதை’ என்ற பொத்தானை அழுத்தலாம். சக நூலகர் ட்ரைனெஸ் சிக்கவோந்தா, ஒரு குடுவை தோப்வாக் கூழைக் கொண்டுவந்து ஆளுக்கொரு கோப்பை ஊற்றுவாள். துக்க வீட்டில் கூழ் இல்லாமலா?

இப்படி ஒன்பது வருடமாக மீறாத சட்டத்தை ஜைலோசி ஒரே ஒருமுறை மீறினார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நிஜமாகவே ஓர் இழவு.

அன்று காலை சலிமாவில் அவர் மனைவியின் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். கல்லூரி வேன் மூன்றேகாலுக்குக் கிளம்புகிறது; மனைவி ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்தாயிற்று. ஜைலோசி படிக்கட்டுக்குக் கீழே குனிந்து நுழைந்தபோது பட்டியல் தயாராக இருந்தது. பதினான்கு பக்கம். அறுநூற்றுப் பதினொரு பேர்.

வெளியே ஓட்டுநர் வைசன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான். “புவானா! போனவர் ஒருநாள் காத்திருப்பார், உங்க வீட்டம்மா காத்திருக்க மாட்டாங்க!”

ஜைலோசி அப்போது யோசித்ததை யோசனை என்று சொல்ல முடியாது. எங்கோ பெரிய நிறுவனம் ஒன்று மூடிவிட்டது போல என்று நினைத்தார். அடுத்த வியாழக்கிழமை லிலோங்வேயிலிருந்து அமைச்சகத்தின் குழு வருகிறது என்றும் நினைத்தார். அந்தக் குழுவுக்குப் பிடித்தால், இப்போது தெரிந்த சிலர் மட்டும் தேடும் குதிர், இருபத்தெட்டு மாவட்டத்துக் கள அலுவலர்களின் கைபேசிக்கும் போகும். பிடிக்காவிட்டால், படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறையும் கணினியும் கணினித் துறை ஹேஸ்டிங்ஸ் ம்போண்டாவுக்கு. கல்லூரி முதல்வர் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார். குழு வரும் நேரத்தில் குதிருக்குள் அறுநூறு பிணத்தை வைத்துக்கொண்டிருப்பதா?

‘611 பக்கங்களைப் புதைக்கவா?’ என்று திரை கேட்டது.

ஹாரன் மறுபடி அலறியது. ஜைலோசி ‘ஆம்’ என்றார்.

நாலு மணிக்கு அந்தக் கணினி, வெள்ளிதோறும் செய்வதுபோல, குதிரை அப்படியே நகலெடுத்துப் பழைய நகலின் மேல் எழுதியது. அதுவும் கடமை தவறாத ஜென்மம்.

சலிமாவில் ஜைலோசி இரண்டு நாள் இருந்தார். பெஞ்சு தூக்கினார், குழி தோண்டினார், மற்றவர்களோடு மண் தள்ளினார். நடுவே, “நான் கிளம்புறதுக்கு முன்னாடியே அறுநூறு பேரை அடக்கம் பண்ணிட்டுத்தான் வந்தேன்” என்று மைத்துனர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

*

திங்கள் காலை எட்டரைக்கு அவர் கைபேசி அடித்தது. ன்ச்சேவுவிலிருந்து கள அலுவலர் ஃபேனெஸ் காமா. பின்னணியில் கோழிகளும் பெண்களும் ஒரே சுருதியில் இரைச்சல்.

“அச்சிம்வேனே, உங்க குதிர்ல எலி பூந்துடுச்சா?”

“ஏன் அமாயி?”

“சிட்டோப்பான்னு போட்டேன், ஒண்ணுமில்லங்குது. இங்க நாப்பது பொம்பளைங்க கோழியைக் கக்கத்துல இடுக்கிட்டு நிக்கிறாங்க. மருந்து பாட்டில் என் கைல இருக்கு. எத்தனை சொட்டு, பெட்டிக்கு வெளிய எத்தனை நாள் தாங்கும்னு ஒரு அட்டவணை இருக்குமே, அது எங்க?”

ஜைலோசி தட்டிப் பார்த்தார். சிட்டோப்பா: பூஜ்யம். அதன் இன்னொரு பெயர், கோழிக் கழிச்சல்: பூஜ்யம். தடுப்பு மருந்து: மூன்று, மூன்றும் மாட்டுக்கு.

ட்ரைனெஸ் வெள்ளிக்கிழமைப் பட்டியலை எடுத்து விரலை ஓட்டினாள். ஆறாவது பக்கத்தில் அந்த முகவரி இருந்தது. எழுத்தெழுத்தாகத் தட்டினாள். பக்கம் திறந்தது. அட்டவணை, கோழிப் படம், எல்லாம் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தன. அவள் தொலைபேசியை வாங்கி ஃபேனெஸுக்கு அட்டவணையை வரிவரியாகப் படித்துச் சொன்னாள். அந்தப் பக்கம் கோழிகள் அடங்கின, பெண்கள் அடங்கவில்லை.

போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். “செத்தவர் நல்லாப் பேசுறாரே?”

ஜைலோசி திரையருகே குனிந்தார். அவள் பட்டியலை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

“இந்தாங்க, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல நேரம் போட்டிருக்கு, பாருங்க. முதல் ஆறு பேர் ஆளுக்கொரு நேரத்துல போயிருக்காங்க. அது நியாயமான சாவு. மிச்சம் அறுநூத்தி அஞ்சு பேரும் ரெண்டு பத்துக்கு அப்புறம், ஒருத்தர் விடாம வரிசையா. கொள்ளைநோய்ல கூட ஜனங்க இப்படி க்யூவுல நின்னு சாக மாட்டாங்க, புவானா.”

“ரெண்டு பத்துக்கு என்ன ஆச்சு?”

“நமக்கு நெட் போச்சு. குழு வருதேன்னு கொடிமரத்தைச் சுத்திப் பூச்செடி வைக்கக் குழி வெட்டினாங்களே? கேபிளை நறுக்கிட்டாங்க. சனிக்கிழமை மத்தியானம்தான் ஒட்டுப் போட்டாங்க.” அவள் கையைக் கட்டிக்கொண்டாள். “பூனை கண்ணை மூடிக்கிட்டு உலகமே இருட்டுன்னுச்சாம். அதாவது பரவால்ல. நம்ம பூனை உலகத்தையே புதைச்சுட்டு வேன் ஏறிடுச்சு.”

ஜைலோசி நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். தலை இடித்தது. மறுபடி உட்கார்ந்தார். நகலைத் திறந்து பார்த்தார். அதிலும் அதே குறைந்த குதிர். மிஞ்சியது பதினான்கு பக்கக் காகிதமும் அதில் வெறும் முகவரிகளும். இரண்டு வரி விவரமெல்லாம் போயிற்று. அதைவிட வலித்தது சொற்கள் போனதுதான். டெட்ஸாக்காரர் ஒரு மாதிரி கேட்பதும், வடக்கே கரோங்காக்காரர் வேறு மாதிரி கேட்பதும், ஏரிக்கரையில் இன்னொரு மாதிரி கேட்பதும் என்று ஒன்பது வருடம் காது கொடுத்துச் சேர்த்த சொற்கள். சொல் இல்லாத பக்கம் குதிருக்குள் கிடந்தாலும் ஒன்றுதான், கிணற்றுக்குள் கிடந்தாலும் ஒன்றுதான்.

கணக்குப் போட்டார். ஒரு பக்கத்தைத் திறந்து படித்து எழுதப் பத்து நிமிடம். மொத்தம் நூறு மணிநேரம். வியாழன் பத்து மணிக்குள் அவரும் ட்ரைனெஸும் சேர்ந்து சாப்பிடாமல் உழைத்தாலும் பாதி தேறாது.

“யாருகிட்டயும் சொல்லாம விட்டா?” என்றார் மெதுவாக. “குழு சிட்டோப்பாவைத் தேடாமலும் போகலாமே.”

ட்ரைனெஸ் அவரையே பார்த்தாள். “ஃபேனெஸ் தேடுவாளே.”

ஜைலோசி முதல்வர் அறைக்கு நடந்தார்.

முதல்வர் டாக்டர் கலுவா, மந்தாசி என்ற எண்ணெய்ப் பலகாரத்தைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் கேட்டு முடிக்கும்வரை அந்த அம்மாள் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்த அளவுக்குக்கூட அசைவில்லை. மந்தாசி மட்டும் ஊறிப்போய்க் கோப்பைக்குள் விழுந்தது.

“அறுநூத்திப் பதினொண்ணு.”

“ஆமாம்மா.”

“நான் சின்ன வயசுல ஒரு ஆட்டைச் செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டேன். சாயங்காலம் எனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து நின்னுச்சு.” கரண்டியால் மந்தாசியைத் தேடினார். “குழுவைத் தள்ளிப்போட முடியாது. ஹேஸ்டிங்ஸ்கிட்ட குடுத்த வாக்கையும் மாத்த மாட்டேன். வியாழன் பத்து மணி. உங்க ஆடு வீட்டுக்கு வரணும்.”

*

ஜைலோசி திரும்பி வந்தபோது ட்ரைனெஸ் கைபேசியில் ஏதோ தட்டி முடித்திருந்தாள்.

“என்ன பண்ணின?”

“கல்லூரி வாட்ஸ்அப் குழுல துக்கச் செய்தி போட்டேன்.”

அவள் போட்டது இவ்வளவுதான்: ‘குதிர் வீட்டில் இழவு. போனவர்கள் அறுநூற்றுப் பதினோரு பேர். நாளை காலை ஏழரைக்கு நூலகத்தில். வரக்கூடியவர்கள் வரவும்.’

“இது விளையாட்டா?” என்றார் ஜைலோசி. “யாரு வருவா?”

“இழவுன்னு சொன்னா நம்ம ஊர்ல யாரு வராம இருப்பா?”

செவ்வாய் காலை ஏழு இருபதுக்கே நூலக வாசலில் பெஞ்சு போட்டாகிவிட்டது. யார் போட்டது என்று தெரியாது. இழவு வீட்டில் பெஞ்சு தானாகவே வந்துவிடும். விடுதிச் சமையல்காரி கெட்டி மங்கானி தலையில் விறகுக்கட்டோடும் இடுப்பில் மாவுப் பையோடும் வந்து, பின்பக்கம் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். பதிவாளர் கறுப்புக் கோட்டுப் போட்டு, தொப்பியை மார்பில் அணைத்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்தார்.

“எங்க வெச்சிருக்கீங்க?” என்று கிசுகிசுத்தார்.

“இதோ, ஐயா.” ட்ரைனெஸ் பட்டியலிலிருந்து கத்தரித்த ஒரு துண்டை நீட்டினாள். “இந்தப் பதிமூணு பேர் உங்க பங்கு.”

விஷயம் புரிந்தபோது பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதிப் பேர் ஜைலோசியைத் திட்டினார்கள். ஆனால் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. விறகு எரிகிறது, பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று, இனி எழுந்து போவது எப்படி? வீட்டிலிருந்து மடிக்கணினி வந்தது, கைபேசிகள் வந்தன. கோழி வளர்ப்பு விரிவுரையாளர், காவலாளி இருவர், தட்டச்சு அம்மாள், வேன் ஓட்டும் வைசன் என்று நாற்பத்து மூன்று பேர்.

ஜைலோசி படிக்கட்டின் மேல் ஏறி நின்றார். இரண்டு தரம் செருமினார்.

“ஒவ்வொரு முகவரியா திறங்க. உயிர் இருக்கான்னு பாருங்க. உயிர் இருந்தா, அதே ஆள்தானா, இல்ல பந்தயக்காரன் குடியேறிட்டானான்னு பாருங்க. என்ன இருக்குன்னு ரெண்டு வரி எழுதுங்க. கடைசியா, உங்க சித்தி இதைத் தேடினா என்ன சொல்லித் தேடுவாங்களோ, அதை எழுதுங்க. பெரிய பேரெல்லாம் வேண்டாம். சித்தி பேசுற பேச்சு.”

“என் சித்தி பேசுறதை எழுதினா கல்லூரியை மூடிருவாங்க” என்றான் வைசன்.

அந்தச் சொற்களுக்கு ட்ரைனெஸிடம் இன்னொரு புதையல் இருந்தது: வெறுங்கை நோட்டு. குதிரில் தேடி ஒன்றும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியவர்கள் என்ன சொல்லைப் போட்டுத் தேடினார்கள் என்று தினமும் பார்த்து, அந்தச் சொல்லையும் அதற்கு அவள் கண்டுபிடித்த பக்கத்தையும் கையால் எழுதிவந்த நோட்டு. நாலு வருடத்துச் சொற்கள். ‘கணினியில இருக்கறப்ப கையில எதுக்கு?’ என்று அதைக் கேலி செய்தவர்களில் ஜைலோசியும் ஒருவர். இப்போது அவர் அதை இரண்டு கையாலும் ஏந்தி, மேசை மேசையாகச் சாமி சிலைபோலக் கொண்டுபோனார்.

பத்து மணிக்கு நூலகம் சந்தையாகிவிட்டது.

“ஏய், இது நம்ம சோளத்துல விழுற வண்டு!” என்று கெட்டி மங்கானி அகப்பையோடு கத்தினாள். “இந்தப் பொடிசுக்கு இம்மாம் பெரிய பேரா? ‘சோளத்தைத் தவிடாக்குறது’ன்னு எழுதுங்கடா.”

“எங்க ஊர்ல ‘மாவாக்குறது’ம்பாங்க.”

“அதையும் எழுது. எடம் இருக்குல்ல?”

வைசனுக்கு இருந்த மதிப்பைப் பார்க்கவேண்டும். பத்து வருடமாகத் தெற்கிலிருந்து வடக்குவரை வண்டி ஓட்டியவன். ஒவ்வொரு சாவடியிலும் தேநீர் குடித்தவன். ஒரு பூச்சிக்கு மூன்று மொழியில் ஐந்து வசவு தெரியும். அவனைக் கேட்காமல் யாரும் பேனாவை வைக்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கிய பயிர்நோய்த் துறைக்காரர், “வைசன் சார், ஒரு நிமிஷம்” என்று கையைத் தூக்கி நின்றார்.

ஒருவர் மட்டும் வரவில்லை. ஹேஸ்டிங்ஸ் ம்போண்டா. தேடுபொறி உலகம் முழுக்கக் கொட்டிக் கிடக்கும்போது கையால் பொறுக்கிய குதிர் எதற்கு என்று மூன்று வருடமாகக் கேட்டுவருபவர். அறை அவர் கைக்கு வர இன்னும் இரண்டே நாள். அவர் ஏன் வரவேண்டும்?

மத்தியானம் ந்சிமாக் களியும் உசிப்பா மீனும் பரிமாறும்போது அவர் வாசலில் நின்றார். சட்டைக் கை மடக்கியிருந்தது. இரு தோளிலும் இரண்டு மடிக்கணினி.

“இழவுக்கு வராதவன் இழவுக்கு யாரும் வர மாட்டாங்கன்னு எங்கம்மா சொல்லும்” என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு ஜைலோசியைப் பார்த்தார். “அந்தப் பூச்செடிக் குழி. இடம் காட்டினது நான்தான். கேபிள் எங்க ஓடுதுன்னு கேட்டாங்க. இங்க இல்லன்னேன்.”

கணினித் துறைத் தலைவருக்கே கேபிள் போகும் வழி தெரியவில்லை என்பதை ஜீரணிக்க எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜைலோசி அந்தப் பொன்னான வாய்ப்பை நழுவவிட்டார். ஏதாவது குத்திச் சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார், வந்தது வேறு.

“நீங்க வெட்டுனீங்க, நான் புதைச்சேன். மீன் ஆறிடும், உக்காருங்க.”

ஹேஸ்டிங்ஸ் அறுபது முகவரிகளை வாங்கிக்கொண்டார். மற்றவர்களைவிட நாலு மடங்குக்கும் மேல்.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கடைசித் துண்டு வந்தது. பதிவாளருடையது, அவர் எதையும் நிதானமாகச் செய்பவர். ஜைலோசி கூட்டிப் பார்த்தார். அறுநூற்றுப் பதினொன்றில் முப்பத்தேழு நிஜமாகவே செத்தவை. முந்தைய வாரங்களில் நிரல் தட்டும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பார்த்தால் காலி வீடாக இருந்தவைதான் அதில் பெரும்பாலும். நாலு இடத்தில் பந்தயக் கடை. முப்பத்தேழில் இருபத்தொன்பதுக்கு வாரிசு கிடைத்தது. எல்லாவற்றையும் கறுப்பு நோட்டில் எழுதினார்கள். மற்ற எல்லாம் குதிருக்குத் திரும்பின, முன்பு இருந்ததைவிட மூன்று மடங்கு சொற்களோடு. கெட்டி கடைசிப் பானையைக் கவிழ்த்துக் கழுவினாள்.

*

வியாழன் பத்து மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். தலைவி திருமதி ந்யிரோங்கோ, ஒல்லியாக, கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியிருந்தார். ஜைலோசி நாற்பது படங்களோடு ஓர் உரை தயார் செய்திருந்தார். முதல் படத்திலேயே அந்த அம்மாள் கையைத் தூக்கினார்.

“படம் வேண்டாம். மாவட்டத்து அலுவலர்ங்ககிட்ட இருந்து இருபது கேள்வி வாங்கிட்டு வந்திருக்கேன். அவங்க எழுதின மாதிரியே போடுங்க.”

முதல் சீட்டு: ‘கோழி பச்சையாக் கழியுது, கழுத்தைத் திருகுது.’

ட்ரைனெஸ் தட்டினாள். சிட்டோப்பா அட்டவணை முதலில் வந்து நின்றது. திருமதி ந்யிரோங்கோ குனிந்து அடியில் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமை பார்த்திருக்கீங்க. யாரு இந்த கெ.ம.?”

“கெட்டி மங்கானி. எங்க விடுதிச் சமையல்காரம்மா.”

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. அடுத்த சீட்டுக்கு வந்த பக்கத்தில், “வை.?”

“வேன் ஓட்டுறவர்.”

“ஹே.ம்.?”

“கணினித் துறைத் தலைவர்” என்றார் ஜைலோசி. பின்வரிசையில் ஹேஸ்டிங்ஸ் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

ஒவ்வொரு சீட்டாகப் போனது. பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்து. எல்லாம் வந்தன, திறந்தால் எல்லாம் உயிரோடு இருந்தன. ஜைலோசி மூச்சை விட ஆரம்பித்தபோது பதினேழாவது சீட்டு: ‘ஆடு சுத்திச் சுத்தி வந்து விழுது.’

பூஜ்யம்.

ஜைலோசிக்குக் காதுக்குள் வெள்ளிக்கிழமை ஹாரன் கேட்டது.

ட்ரைனெஸ் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல மேசை இழுப்பறையைத் திறந்து வெறுங்கை நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“வைசன்! ஆடு சுத்திச் சுத்தி வந்து விழுந்தா என்னம்பாங்க?”

வேனுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. “மூளைல புழுன்னு எங்க மாமா சொல்லுவாரு! நாய் இருக்கிற வீட்டு ஆட்டுக்குத்தான் வரும்பாரு!”

கால்நடைத் துறைத் தலைவர் துள்ளி எழுந்தார். “நாய்கிட்ட இருந்து வர்ற புழு! அந்தப் பக்கம் இருக்கே, நேத்து நானே பார்த்தேன்!” ட்ரைனெஸ் பக்கத்தைத் தேடி எடுத்தாள், அந்த வாக்கியத்தையும் மாமாவின் சொல்லையும் கூடவே கட்டினாள், சீட்டில் இருந்தபடி மறுபடி தேடினாள். பக்கம் வந்தது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்.

திருமதி ந்யிரோங்கோ பேனாவை மூடினார். ஜைலோசி முடிந்தது என்று நினைத்தார்.

“மத்த இடத்துல பூஜ்யம் வந்தா, கேள்வி தப்புன்னு என்கிட்ட சொன்னாங்க” என்றார் அந்த அம்மாள். “சரி, கடைசியா ஒண்ணு. உங்ககிட்ட வருஷத்துக்கு எத்தனை பக்கம் சாகுது? மத்தவங்க ஒண்ணுகூட இல்லன்னாங்க.”

முதல்வர் கலுவாவின் பார்வை ஜைலோசியின் பிடரியில் பட்டது. சுடவில்லை; சும்மா பட்டது. ஜைலோசி கறுப்பு நோட்டை எடுத்து நீட்டினார்.

“போன வருஷம் முன்னூத்தி எண்பத்தி ரெண்டு. எல்லாம் இதுல இருக்கு, வாரிசோட. இந்த வருஷம் கொஞ்சம் அதிகம். போன வெள்ளிக்கிழமை நானே ஐநூத்தி எழுபத்தி நாலு பேரை உயிரோட புதைச்சுட்டேன்.”

நடந்ததைச் சொன்னார். கேபிள், வேன், ஹாரன், நகல், விறகுக்கட்டு, பதிவாளரின் கறுப்புக் கோட்டு, ஒன்றையும் விடவில்லை. குழிக்கு இடம் காட்டியது யார் என்பதை மட்டும் மறந்துவிட்டார். பதிவாளர் கோட்டு வந்த இடத்தில் குழுவின் இரண்டாவது ஆள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். திருமதி ந்யிரோங்கோ சிரிக்கவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்பது வருடச் சாவு. இறந்த தேதி, இறந்த காரணம், வாரிசு இருக்கும் இடம்.

“சாவே இல்லாத ஊர்னு ஒண்ணு கிடையாது” என்றார் நோட்டை மூடி. “எண்ணாத ஊர்தான் உண்டு. மூணு கல்லூரில அதைத்தான் பார்த்துட்டு வர்றேன்.” எழுந்து சேலைபோல் சுற்றியிருந்த சிதெஞ்சேயைச் சரிசெய்தார். “அறிக்கை அடுத்த மாசம் வரும். முகவரியை மட்டும் இன்னிக்கே இருபத்தெட்டு மாவட்டத்துக்கும் அனுப்பிடுறேன். கோழி அறிக்கைக்காகக் காத்திருக்காது.”

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. பின்வாசலில் அகப்பையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கெட்டி மங்கானிக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் போட்ட குலவையில் நூலக ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்தது தட்டச்சு அம்மாள். அப்புறம் யார் யார் என்று எண்ண முடியவில்லை. ‘அமைதி காக்கவும்’ பலகைக்கு நேர் கீழே பதிவாளர் நின்று ஆடினார். நிதானமாகத்தான் ஆடினார், ஆனாலும் ஆடினார். ஜைலோசி சந்தோஷத்தில் படிக்கட்டுக்குக் கீழே ஓடினார். தலை இடித்தது. இந்தமுறை வலிக்கவில்லை.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு அவர் அறைக்குள் குனிந்து நுழைந்தபோது ஹேஸ்டிங்ஸ் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். அறைமீது இப்போது கண் இல்லை; ஒரு பெஞ்சு மட்டும் கொண்டுவந்து போட்டிருந்தார்.

“உங்க நிரல்ல ஒரு வரி சேர்த்திருக்கேன்” என்றார். “கிளம்பறப்பவும், யாரையாவது செத்தாச்சுன்னு எழுதுறதுக்கு முன்னாடியும், என்னிக்கும் சாகாத அஞ்சு பெரிய இடத்தை முதல்ல தட்டும். அஞ்சும் பதில் சொல்லலைன்னா நிரல் அங்கேயே நின்னுடும். புதைக்கிற பொத்தான் பூட்டிக்கும். திரைல ஒரு செய்தி மட்டும் வரும்.”

“என்ன செய்தி?”

ஹேஸ்டிங்ஸ் சுவரிலிருந்து கேபிளைப் பிடுங்கி ஓட்டிக் காட்டினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னியது:

‘புவானா, போனது நீங்கதான்.’

ட்ரைனெஸ் சிரித்த சிரிப்பில் தோப்வா குடுவை கவிழப் பார்த்தது. கேபிளை மறுபடி மாட்டினார்கள். நிரல் ஐந்து கதவைத் தட்டி, பதில் வாங்கி, குதிரைச் சுற்றக் கிளம்பியது. நண்பகல் சுற்றில் வந்த பட்டியலில் அந்த வாரம் ஐந்து பேர். ஜைலோசி கறுப்பு நோட்டைத் திறந்தார். முதல் ஆளின் உறவினரைத் தேட ஆரம்பித்தபோது கைபேசி அடித்தது. ஃபேனெஸ்.

“அச்சிம்வேனே, பேசலாமா, வேலையா?”

“இழவுல இருக்கேன் அமாயி. பரவால்ல, சொல்லுங்க.”

“சொல்ல ஒண்ணுமில்ல. கேளுங்க” என்று அவள் கைபேசியை முற்றத்துப் பக்கம் நீட்டினாள். சொட்டு மருந்து போட்டு நாலு நாளான ன்ச்சேவுக் கோழிகள் ஒரே சுருதியில் கொக்கரித்துக்கொண்டிருந்தன.